ஆன்லைன் சிபிடி: நடுவில் இருக்கும் 'பி'யை விட்டுவிடுகிறோம்

சிலர் சனிக்கிழமை இரவு ஓர் ஆன்லைன் சிபிடி ஆப்பில் பதிவு செய்கிறார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் எல்லாப் பாடங்களையும் வெப் சீரிஸ் மாதிரி பார்த்து முடித்துவிடுகிறார்கள். திங்கள்கிழமை காலையில் அதே படபடப்பு. "சிபிடி நமக்கு ஒத்துவரலை" என்று ஆப்பை அழித்துவிடுகிறார்கள்.

சிபிடி என்றால் காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களின் தலைக்குள் தாமாகவே ஓடும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். இன்றைய சிபிடிக்கு அது ஒரு முக்கிய வேர். எண்ணம், உணர்வு, உடல், செயல் நான்கும் ஒன்றையொன்று இழுக்கின்றன, எண்ணத்தையோ செயலையோ பிடித்து மாற்றினால் மற்றவையும் நகரும் என்பதுதான் இதன் அடிப்படை. பெயரில் உள்ள 'சி' எண்ணத்துக்கு, 'பி' செயலுக்கு. திரையில் 'சி' சுலபம்; படிக்கலாம், தலையாட்டலாம். 'பி'க்கு எழுந்து வெளியே போகவேண்டும். ஆன்லைனில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கணிப்பு.

வாரத்துக்கு ஒரு பாடம் என்று வைப்பது இழுத்தடிப்பதற்கு அல்ல. பாடம் அரைமணி நேரம். சிகிச்சை மீதி வாரம் முழுக்க நடக்கிறது.

செமினாரில் பேசப் பயப்படும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கச் சொல்கிறது பாடம். முதலில் கடையில் விலை கேட்பது, அப்புறம் வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது, பிறகு இரண்டு நிமிடம் பேசுவது. அவளும் செய்கிறாள். ஆனால் முழுப் பேச்சையும் தாளில் எழுதி, தலை நிமிராமல் வாசிக்கிறாள். கையில் தண்ணீர் பாட்டில், முதல் பெஞ்சில் தோழி. பேச்சு நன்றாகவே முடிகிறது, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் "நான் சமாளித்தேன்" என்று மனம் கணக்கு எழுதவில்லை. "பாட்டிலும் தாளும் காப்பாற்றின" என்று எழுதிக்கொண்டது. இந்த ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாகக் கீழே வைப்பதும் வீட்டுப்பாடத்தில் ஒரு பகுதி. படபடப்பு உச்சியில் இருக்கும்போது எழுந்து ஓடிவிடுவதும் இதே வகைத் தவறு. ஓடியதால்தான் தப்பித்தோம் என்றே மனதில் பதியும்.

மனச்சோர்வில் இதற்கு வேறு முகம்: "மூடு வரட்டும், செய்யலாம்." அந்த மூடு வராமல் இருப்பதுதானே நோய்! அதனால் சிபிடி வரிசையை மாற்றிப் போடுகிறது: முதலில் செயல், மனநிலை பின்னால் வரும். இதைப் புரிந்துகொண்டவர்களும் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். நாளை முதல் ஐந்து மணிக்கு எழுந்து, ஓடி, குளித்து, மூன்று மணி நேரம் படிப்பது என்று திட்டம் போடுகிறார்கள். முதல் நாளே சறுக்கி, தன்னைத் திட்டிக்கொள்ள இன்னொரு காரணம் கிடைக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து மடிப்பது போதும். நேரமும் இடமும் எழுதியிருக்க வேண்டும். செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாக இருந்த மார்க் மூன்றானால் அதுவே அந்த நாளின் வருமானம்.

சரி, 'சி' பக்கமாவது ஒழுங்காக நடக்கிறதா? மனதில் ஓடும் எண்ணங்களை எழுதிவைக்கும் எண்ணக் குறிப்பேட்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. ஆப் ஆங்கிலத்தில் கேட்பதால் பதிலையும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். "ஐ ஃபீல் லோ" என்று எழுதும்போது கண் கலங்குவதில்லை. உள்ளே உண்மையில் ஓடியது, "நான் ஒரு தண்டச்சோறு, அப்பா தலை நிமிர்ந்து நடக்க முடியலை" என்ற வாக்கியம். குத்துகிற வாக்கியம் எந்த மொழியில், யார் குரலில் வந்ததோ, அப்படியே எழுதவேண்டும். தமிழில் டைப் அடிக்கச் சோம்பலாக இருந்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதிய பிறகு அதற்குப் பதிலாகத் தன்னம்பிக்கைப் பொன்மொழி ஒட்டுவது அடுத்த தவறு. "இனி எனக்கு வேலையே கிடைக்காது" என்ற எண்ணத்துக்கு "நான் நிச்சயம் ஜெயிப்பேன்" என்று எழுதினால் மனம் சிரிக்கும். சிபிடி கேட்பது சாட்சியம். "மூன்று இன்டர்வியூவில் இரண்டில் முதல் சுற்றைத் தாண்டினேன். டெக்னிக்கல் சுற்றில்தான் இரண்டு முறையும் தடுக்கியது." இதில் இனிப்பு இல்லை, ஆனால் நம்ப முடிகிறது. அடுத்து என்ன படிக்கவேண்டும் என்பதும் தெரிகிறது. சில சமயம் சாட்சியம் அந்த எண்ணத்தின் பக்கமே நிற்கும். கடன் உண்மையிலேயே கழுத்தை நெரிக்கும். அப்போது எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் கடனுக்கு வழி பார்க்கவேண்டும்.

மார்க் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. அதைத் தினமும் நிரப்பி, நேற்று 11 இன்று 13 என்று பதறுவதில் பொருள் இல்லை. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றுகிறதா என்பது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து அதில் பூஜ்யம் போடுவதுதான் இங்கே சொல்லும் தவறுகளிலேயே ஆபத்தானது. தானே படித்துக்கொள்ளும் ஆன்லைன் பாடம் அவசர உதவி அல்ல. இரவு இரண்டு மணிக்கு அதன் அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, நாள் முழுக்க இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. அந்த எண்ணம் இருந்தால் பாடத்தை மூடிவிட்டு முதலில் இங்கே அழையுங்கள், கூடவே நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வரச்சொல்லுங்கள்.

தூக்கமே தேவைப்படாமல் நாலைந்து நாள் உற்சாகத்தில் பறந்த அனுபவம், யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, தினமும் குடி ஆகியவை இருந்தாலும் நேரில் மருத்துவரைப் பார்த்த பிறகே இதைத் தொடவேண்டும். தைராய்டு குறைவுகூட மனச்சோர்வு வேடம் போடும். ஏற்கனவே மாத்திரை எடுப்பவர்கள் "இனி சிபிடி இருக்கிறதே" என்று தாங்களாகவே நிறுத்தக்கூடாது.

இனி, தனியாகச் செய்வதா, துணையோடா? பிரிட்டனில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் மனச்சோர்வுள்ள 691 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான டாக்டர் கவனிப்போடு கணினிச் சிபிடியும் கொடுத்தார்கள். ஒன்று, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான மூட்ஜிம். இன்னொன்று 'பீட்டிங் த ப்ளூஸ்'. போனில் கிடைத்த உதவி பெரும்பாலும் தொழில்நுட்பம் சார்ந்தது. நாலு மாதம் கழித்துக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. சராசரியாக ஓரிரு அமர்வுகளைத்தான் முடித்திருந்தார்கள். கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம் போய்விட்டுப் பட்டம் கேட்பது மாதிரி! ஸ்வீடனில் வேறு முறை: சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுப்பாடத்தைப் படித்துப் பதில் எழுதுகிறார். லேசான தொல்லைக்குத் தனியாகச் செய்வதே பலருக்குப் போதும். அதற்கு மேல் போனால் துணை தேவை. துணைக்கு ஆள் இருந்தும் "வீட்டுப்பாடம் முடிக்கலையே" என்ற வெட்கத்தில் செய்தி அனுப்பாமல் மறைந்துவிடுவதும் நடக்கிறது. முடிக்காததைச் சொல்வதற்குத்தான் அவர் இருக்கிறார். எது தடுத்தது என்பதே அந்த வாரத்தின் பாடமாகிவிடும்.

இந்தியாவில் ஒருவர் தன்னை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்கலாம். சங்கடப்பட ஒன்றுமில்லை. ரகசியம் பற்றியும் ஒரு வரி: ஃபின்லாந்தில் ஒரு சிகிச்சை நிறுவனத்தின் குறிப்புகள் திருடுபோய், 2020இல் நோயாளிகளுக்கே மிரட்டல் வந்தது. பதிவு செய்யுமுன் யார் கையில் என்ன போகிறது என்று படித்துவிடுங்கள்.

சாட்பாட்டிடம் "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று இருபது தடவை கேட்பதைச் சிலர் சிபிடி என்று நினைக்கிறார்கள். அது தண்ணீர் பாட்டிலின் புது மாடல்தான்.

கொஞ்சம் தெளிந்ததும் கடைசிப் பாடத்தைத் திறக்காமல் விடுவது மிகச் சாதாரணம். மறுபடி சரியும்போது முதலில் தெரியும் அறிகுறிகளை எழுதிவைக்கச் சொல்லும் பாடம் அது. உங்கள் பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும்: அம்மா போனை மூன்று நாளாக எடுக்காதது, மெஸ்ஸுக்குப் போகாமல் அறையிலேயே பிஸ்கட், துவைக்காத துணி நாற்காலி உயரம். அதில் எத்தனை சேர்ந்தால் யாரை அழைப்பது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், போன் எண்ணோடு.