குழந்தையுடன் அல்கொன்குவின் காட்டுக்குள் கனூ பயணம்: திட்டமிடும் முறை

கனடாவின் டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் காரில் சென்றால் அல்கொன்குவின் மாகாணப் பூங்கா வந்துவிடும். 1893இல் நிறுவப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கனூ எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் செல்லக்கூடிய வழிகள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. நெடுஞ்சாலை 60 பூங்காவின் தென்பகுதியை மட்டுமே தொட்டுச் செல்கிறது. அதற்கு அப்பால் உள்ள ஏரிகளுக்குத் துடுப்புப் போட்டும், ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகைத் தோளில் சுமந்து நடந்தும்தான் போக வேண்டும். சாலையோர முகாம்களில் கூடாரம் அடித்துப் பழகிய குடும்பம் நான்கு வயதிலிருந்து ஒன்பது வயது வரையிலான குழந்தையை அழைத்துக்கொண்டு முதன்முறையாக உள்ளே போவதற்கான வழிமுறைகளை இங்கே தருகிறேன்.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள். பழகிய பெரியவர்கள் இருவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் துடுப்புப் போட்டு, ஒரே நாளில் இருபது கிலோமீட்டர்கூடக் கடந்துவிடுவார்கள். அந்தக் கணக்கைக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. கரையிறங்கிக் கல் எறிவது, சிறுநீர் கழிப்பது, பசி, தூக்கம், காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் சேர்த்தால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். தண்ணீரில் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியைத் தாண்டாமலும், படகைச் சுமக்கும் இடம் ஒன்றுக்கு மேல் வராமலும் பாதையை அமையுங்கள். நாளுக்கொரு ஏரி என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்கி, நடு நாளைத் தவளை பிடிக்கவும் நீந்தவும் விட்டுவிடுவது குழந்தைக்கும் நல்லது, கூடாரத்தைப் பிரித்துக் கட்ட வேண்டியவருக்கும் நல்லது.

படகு சுமக்கும் பாதையை அங்கே எல்லாரும் போர்ட்டேஜ் என்றே சொல்கிறார்கள். இரு முனைகளிலும் மஞ்சள் நிறப் பலகை இருக்கும். தூரம் மீட்டரில் எழுதியிருக்கும். பலகையில் 375 மீட்டர் என்று இருந்தால் நீங்கள் நடக்கப்போவதும் 375 மீட்டர்தான் என்று எண்ண வேண்டாம். சாமான்களை இரண்டு நடையாகக் கொண்டுசெல்பவர் போய், திரும்பி, மறுபடி போக வேண்டியிருப்பதால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார். குழந்தை உடனிருக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பெரியவர் இருவரும் ஒரே சமயத்தில் சாமான் தூக்கப் போய்விட்டால் குழந்தையுடன் யார் இருப்பது? முதல் நடையில் ஒருவர் கனூவைச் சுமக்க, மற்றவர் சிறிய பையை முதுகில் போட்டுக்கொண்டு குழந்தையின் கையைப் பிடித்து நடக்கட்டும்; இரண்டாம் நடைக்கு ஒருவர் மட்டும் திரும்பட்டும். நீர்க்கரையில் குழந்தையை ஒரு நிமிடமும் தனியே நிறுத்தக் கூடாது. குழந்தைக்கும் ஒரு சிறு பை கொடுங்கள். தன் தண்ணீர்ப் போத்தலையும் மழை அங்கியையும் தானே சுமக்கும் குழந்தை வழியில் அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை. கனூ வாடகைக்கு எடுக்கும்போது கெவ்லார் என்னும் எடை குறைந்த செயற்கை இழையால் செய்த வகையையே கேளுங்கள். வாடகை கூடுதல்தான், ஆனால் 17 அடிக் கெவ்லார் கனூ ஏறத்தாழ 20 கிலோ எடையே இருப்பதால் ஒருவரே தூக்கிவிடலாம்.

பாதை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ராக் ஏரியிலிருந்து பென் ஏரிக்குப் போகும் வழியைச் சொல்வேன். ராக் ஏரியின் தெற்கு முனை வரை கரையோரமாகச் சென்றால் மேலே சொன்ன 375 மீட்டர் போர்ட்டேஜ் வரும்; அதைத் தாண்டினால் பென் ஏரி. ராக் ஏரியின் பாறைச் சுவர் ஒன்றில் பழங்குடி மக்கள் தீட்டிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பென் ஏரிக்கு அப்பால் வெல்கம் ஏரிப் பக்கம் போகும் ஆசை வரலாம். அந்த வழியில் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் போர்ட்டேஜ் இருப்பதால் அதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுங்கள். ஓவியர் டாம் தாம்சன் 1917இல் இறந்த கனூ ஏரி மிகவும் பெயர் பெற்றது, கூட்டமும் அதிகம். பூங்காவிலேயே பெரிய ஏரியான ஒப்பியோங்கோவில் பிற்பகலில் காற்று எழும்பினால் அலை உயரும் என்பதால் முதல் பயணத்துக்கு அது ஏற்றதல்ல.

முன்பதிவு ஒன்ராறியோ பூங்காக்களின் இணையதளத்தில், வந்து சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு திறக்கிறது. ஆகஸ்ட் வார இறுதிகளுக்கு பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்து பதிவு செய்வது நல்லது. சாலை எட்டாத உள்காட்டில் நீங்கள் பதிவு செய்வது ஏரியை மட்டுமே, குறிப்பிட்ட தங்குமிடத்தை அல்ல. முதலில் வந்தவர் பிடித்த இடம் அவருக்கு என்பதால், நண்பகலுக்குள் ஏரியை அடையும்படி புறப்பட வேண்டும். தங்குமிடங்களை ஆரஞ்சு நிறப் பலகை காட்டும். செங்குத்தான பாறைமேல் இருக்கும் இடம் காட்சிக்கு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு, தண்ணீர் மெல்ல ஆழமாகும் கரையுள்ள இடத்தைத் தேடுங்கள்.

காலம் என்று பார்த்தால் ஆகஸ்டே சிறந்தது. மே நடுவிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை கருப்பு ஈக்கள் காதோரமும் கழுத்திலும் கடித்து இரத்தம் வரச் செய்யும்; ஜூன், ஜூலையில் கொசுக்களின் ஆட்சி. ஆகஸ்டில் பூச்சிகள் குறைந்துவிடும், தண்ணீரும் நீந்தும் அளவுக்கு வெதுவெதுப்பாகிவிடும். பூச்சிவிரட்டியைப் பொறுத்தவரை, இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு டீட் என்னும் பூச்சிவிரட்டி வேதிப்பொருள் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் பூசவும் கூடாது என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. 20 சதவீதம் வரையிலான இகாரிடின் என்னும் வேதிப்பொருள் உள்ள விரட்டி இன்னொரு தேர்வு.

உயிர்காப்பு அங்கியில் எந்தச் சமரசமும் வேண்டாம். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்கேற்ற, கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தை அதைக் கழற்றாமல் அணிந்தே இருக்க வேண்டும் என்பது பெற்றோர் போட வேண்டிய சட்டம். உள்ளிருக்கும் சீட்டில் எழுதிய எடையைப் பார்த்து வாங்குங்கள். அடுத்த ஆண்டும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே ஆபத்தானது. கால்களுக்கிடையே போகும் பட்டி, தலையைத் தாங்கும் பெரிய கழுத்துப்பட்டை, தண்ணீரிலிருந்து தூக்க ஒரு கைப்பிடி ஆகிய மூன்றும் சிறு குழந்தையின் அங்கியில் இருக்க வேண்டும். காற்றடைத்து உப்பும் அங்கிகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. ஒவ்வோர் அங்கியிலும் ஒரு விசில் கட்டிவிடுங்கள்; ஒலி எழுப்பும் கருவியும், குறைந்தது 15 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் எறிகயிறும் படகில் இருக்க வேண்டியவை. தண்ணீர் இறைக்க ஒரு கலனையும் அவற்றுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையைக் கனூவின் நடுவில், இருக்கையில் அல்லாமல் படகின் அடித்தளத்தில், மடித்த தூக்கப்பாயின் மேல் உட்காரவையுங்கள். எடை தாழ இருந்தால் படகு எளிதில் ஆடாது. விழுந்துவிடுமோ என்று பயந்து குழந்தையைப் படகுடன் ஒருபோதும் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அந்தக் கட்டே எமனாகிவிடும். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு வீட்டருகே உள்ள ஏரியில், இடுப்பளவு தண்ணீரில், அங்கியுடன் வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். அங்கி முகத்தைத் தண்ணீருக்கு மேலே தாங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும், குழந்தையின் பயமும் பாதி போய்விடும்.

சாப்பாட்டுக்கு ரசிக்கும்படி சமைக்கலாம் என்று நினைப்பதைவிட, வெந்நீர் ஊற்றினால் முடியும் உணவே மேல். வறுத்த ரவை, அவல், பருப்புப்பொடி, உலர்பழம் ஆகியவை எடை குறைவு, கெடவும் கெடாது. எரித்து அழிக்க முடியாத டின்களும் கண்ணாடிப் போத்தல்களும் உள்காட்டில் தடை செய்யப்பட்டவை. ஆகவே மீன் டின் வீட்டிலேயே இருக்கட்டும். கருங்கரடிகள் வாழும் காடு இது என்பதால் உணவு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தூரத்திலும் கயிற்றில் தொங்கவிட வேண்டும். குழந்தையின் சட்டைப்பையில் மறந்துபோன மிட்டாயும் இதில் அடங்கும். இரவில் கூடாரத்துக்குள் நுழையும் முன் பையைத் தடவிப் பாருங்கள். ஏரி நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டியோ, ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தோ குடியுங்கள்.

உள்ளே கைபேசி வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலில் நுழைகிறீர்கள், எந்த ஏரியில் எத்தனை இரவு, எத்தனை மணிக்குள் திரும்பியிருக்க வேண்டும், திரும்பாவிட்டால் யாரை அழைப்பது என்ற விவரத்தை எழுதி உறவினர் ஒருவரிடம் கொடுங்கள். இடிச் சத்தம் கேட்டவுடன் கரையேறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் தண்ணீரில் இறங்குங்கள். காற்று அடங்காமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரலாம் என்பதால் ஒரு நாள் உணவு உபரியாக இருக்கட்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் அலையடிக்கும் ஏரியைக் கடக்காமலிருக்க, திரும்பும் நாளைச் சனிக்கிழமையாக வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்படுங்கள்.