மங்கிப்போன ஆத்தங்குடிக் கல்லுக்குப் பளபளப்பை மீட்பது எப்படி?

ஆத்தங்குடிக் கல் என்பது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்ட் தரைக்கல். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து முற்றத்துப் பக்கம் பார்த்தால் தூணின் பிம்பம் தரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாகத் தெரிந்தால் உடனே மெழுகு வாங்கிப் பூசாதீர்கள். பளபளப்பு கல்லின் வழவழப்பில் இருக்கிறது. எதனால் அது போனது என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, முதலில் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு அமுக்குகிறார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி எழும்போது கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். மேலே கிளேஸ் எனும் கண்ணாடி போன்ற பூச்சு எதுவும் கிடையாது. அதனால் அந்த மேல்தோல் கெட்டால் பளபளப்பும் கெட்டது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பின் மேடுபள்ளம் அதில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 70 நானோமீட்டருக்குள் இருந்தால் நேராக விழும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும், பிம்பம் தெரியும். மேடுபள்ளம் கூடினால் ஒளி நாலாபக்கமும் சிதறி, தரை வெளுத்துத் தெரியும். சாய்வாக விழும் ஒளி இன்னும் தாராளமானது. கண்ணாடியில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் திரும்புகிறது. செங்குத்திலிருந்து 80 பாகை சாய்ந்து விழுந்தால் சுமார் 39 சதவீதம் திரும்பும். முற்றத்து வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்தால் தரை மின்னுவதும், நின்று குனிந்து பார்த்தால் மின்னாததும் இதனால்தான். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு தப்பும். இன்னொன்று: கறுப்பும் அடர்சிவப்பும் உள்ளிருந்து ஒளியை அதிகம் சிதறவிடாததால் பிம்பம் எடுப்பாகத் தெரியும். வெள்ளைப் பூ வேலைப்பாடு அந்த அளவுக்கு மின்னாது. அதற்காக அதை மட்டும் கூடுதலாகத் தேய்த்துவிடாதீர்கள்.

இப்போது செல்போன் டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். ஈரத்துணியால் ஒரு இடத்தைத் துடைத்ததும் பிம்பம் தெளிந்து, காய்ந்த பிறகும் அப்படியே நின்றால் அது வெறும் அழுக்குப் படலம். மெல்லிய கோடுகள் தெரிந்தால் மணல் கீறல். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் உப்பு பூத்திருக்கிறது. சொரசொரவென்று தட்டுப்பட்டு, நிறமும் வெளிறியிருந்தால் பெரும்பாலும் ஆசிட் தின்ற இடம்.

அழுக்குக்கு அமிலம், காரம் இல்லாத சோப்புக் கரைசலும் நன்றாகப் பிழிந்த துணியும் போதும். சோப்புக்கு ஒரு வாளி, அலசலுக்கு ஒரு வாளி. அலசாமல் விட்டால் சோப்பே அடுத்த படலமாகிவிடும். உப்புக்கு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, பிழிந்த துணியால் ஒற்றி, அடியீரம் காயும்வரை பொறுங்கள். அதன்மேல் எண்ணெயோ மெழுகோ பூசினால் வெள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கீறலுக்குத்தான் பொறுமை வேண்டும். 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) தொடங்கி 800, 1500 என்று போங்கள். தண்ணீர் தெளித்தே தேய்க்க வேண்டும். முதல் தாளில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்ததில் குறுக்காகத் தேயுங்கள். பழைய கோடு முழுதும் மறைந்த பிறகே தாளை மாற்றுங்கள். 400-ம் நம்பர் தாளின் துகள் சில பத்து மைக்ரான் பருமன். ஒளியலையோ அரை மைக்ரான். 400-லிருந்து நேரே 1500-க்குத் தாவினால் ஆழக் கீறல்கள் அப்படியே நிற்கும். ஒவ்வொரு முறையும் சேற்றைத் துடைத்தெடுங்கள். அதில் கிடக்கும் ஒரு பெருந்துகள் போதும், புதுக் கோடு போட. வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர்தான், அதனால் மெஷின் வேண்டாம், கையாலேயே தேயுங்கள். ஆசிட் தின்ற இடத்துக்கும் இதே முறைதான். மேலோட்டமாக இருந்தால் சரியாகும். ஆழமாகப் போயிருந்தால் கல்லை மாற்றுவதே நல்லது.

நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய். 10-க்கு 10 அடி அறைக்கு இரண்டு டீஸ்பூன், துணியில் விட்டுத் தேய்க்க வேண்டும், தரையில் ஊற்றக் கூடாது. சுமார் 1.45 ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெய் நுண்பள்ளங்களை நிரப்பி மட்டமாக்குவதால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகும். அரை மணி நேரம் கழித்து, துணியில் எண்ணெய் ஒட்டாத வரை உலரத் துடையுங்கள். மிஞ்சினால் தூசி பிடிக்கும், வழுக்கும்.

பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் புளியைத் தரையில் படவிடாதீர்கள். பித்தளையில் புளி மேலே படிந்த களிம்பைத்தான் கரைக்கிறது, உலோகம் மின்னுகிறது. சிமெண்டில் அது கல்லையே கரைக்கும். எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட், கல் பதித்ததும் சிமெண்ட் கறை போக்கக் கொத்தனார் கேட்கும் ஆசிட் வாஷ் எல்லாம் அப்படியே. நடுவீட்டுக் கோலத்தைப் பச்சரிசி மாவில் போடுங்கள். கற்பொடிக் கோலம் காலடியில் அரைபட்டுக் கீறும். தெருமணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7; சிமெண்டின் மேல்தோலில் உருவாகும் கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கல்லில் உள்ள அதே பொருள், 3 மட்டுமே. ஆகவே முகப்பில் தேங்காய் நார் மிதியடி, வளவில் தினமும் மென்துடைப்பத்தால் பெருக்கிய பிறகே ஈரத்துணி.