மலையகத்தில் குழந்தைக்குப் பியானோ ஆசிரியரைத் தேடுவோருக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் இலங்கை மலையகத்தின் கண்டி, பேராதனை, நுவரெலியா, அட்டன் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்களில் பலர், வீடு அமைந்து குழந்தைக்குப் பள்ளியில் இடம் கிடைத்த மறுவாரமே பியானோ வகுப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான பள்ளிகள் பிற்பகல் ஒன்றரை மணிக்கே முடிந்துவிடுவதால் குழந்தைக்கு நேரம் இருக்கிறது. மேலைத்தேய இசையும் இங்கு பள்ளிப் பாடங்களில் ஒன்று. வதிவிட விசா, பள்ளி அனுமதி, வீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அவற்றுக்கு உங்கள் அலுவலகத்தார் வழி சொல்வார்கள். எங்கள் மகளின் பதினான்கு மாதங்களைத் தின்றுவிட்ட ஒரு தவறைப் பற்றியே எழுதுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டில் பாட்டு வாத்தியாரைத் தேர்ந்தெடுத்தவர் என் பாட்டி. சான்றிதழ் எதையும் அவர் கேட்டதில்லை. வாத்தியார் வந்து ஒரு வர்ணம் பாடுவார், பாட்டி தூணில் சாய்ந்தபடி கேட்பார், வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தால் சம்மதம் என்று பொருள். விஜயதசமியன்று பாடம் தொடங்கிவிடும். அந்த முறை எங்களை ஏமாற்றியதே இல்லை. ஏனென்றால் சுருதி விலகினால், சங்கீதம் முறையாகப் படிக்காதவர் காதுக்கும் அது உறுத்திவிடும்.

பியானோவில் அந்தக் காது உதவாது. சுருதி கருவியிலேயே கட்டப்பட்டிருப்பதால், குழந்தை விரலை எப்படி வைத்து அழுத்தினாலும் சரியான ஸ்வரமே ஒலிக்கும். மணிக்கட்டு தொங்குவதையும், விரல் மூட்டு உள்ளே மடிவதையும், இசைக்குறிப்பு ஏட்டைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பதையும் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தாயால் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பழக்கத்தில் காதை நம்பியதுதான் நாங்கள் செய்த பிழை.

கண்டியில் எங்களுக்குக் கிடைத்த ஆசிரியை அன்பானவர், நேரம் தவறாதவர். வகுப்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட லண்டன் சான்றிதழ் ஒன்று ஆளுயரத்துக்கு மேல் தொங்கியது. அதில் எட்டாம் கிரேட் என்று பெரிய எழுத்தில் தெரிந்தது. எட்டுதான் உச்சம் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. ஆறு வயது மகள், இசைக்குறிப்பு வரிகளின் தொடக்கத்தில் இடும் டிரெபிள் கிளெஃப் குறியை அச்சில் வார்த்ததுபோல வரைந்தாள். தாளக் கணக்குகளைப் பிழையின்றி எழுதினாள். கட்டைகளின் மேல் ஆங்கில எழுத்துகள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து நான்கு சிறு பாட்டுகளை வாசித்தாள். நாங்கள் பூரித்துப்போயிருந்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா இம்மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஒரு பௌர்ணமி விடுமுறையன்று தேநீர் குடிக்க வந்தவர், மகளின் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி, பிள்ளையின்ர பெருவிரலைப் பாருங்கோ" என்றார். பெருவிரல் கட்டையை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு முன்னாலிருந்த மரச்சட்டத்தின் மேல் படுத்திருந்தது. சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் தட்டையாக விழுந்தது. எழுத்து ஒட்டாத ஒரு பியானோவில், புதிய ஏடு ஒன்றைத் திறந்து வைத்தபோது, மகளால் முதல் வரியைக்கூட வாசிக்க முடியவில்லை. அடுத்த வகுப்புக்குப் போனபோது அந்தச் சான்றிதழை அருகில் நின்று படித்தேன். எட்டாம் கிரேட் என்ற சொல்லுக்குக் கீழே, சிறிய எழுத்தில், இசைக் கோட்பாடு என்று இருந்தது. பியானோ என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், பணம் வாங்குவதற்கு முன் அதை எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்தக் குழப்பம் எப்படி நேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் இரண்டு லண்டன் அமைப்புகளின் தேர்வுகள் பரவலாக நடக்கின்றன: ஒன்று ஏபிஆர்எஸ்எம் (அரச இசைக் கல்லூரிகளின் கூட்டுத் தேர்வு வாரியம்), மற்றொன்று டிரினிட்டி காலேஜ் லண்டன். இரண்டிலும் எட்டு கிரேடுகள் உண்டு. இரண்டிலும் வாசிப்புத் தேர்வு வேறு, எழுத்துத் தேர்வான கோட்பாடு வேறு. ஏபிஆர்எஸ்எம் முறையில் ஆறாம் கிரேட் வாசிப்புத் தேர்வுக்குப் போக வேண்டுமானால், அதற்கு முன் ஐந்தாம் கிரேட் கோட்பாட்டில் தேறியிருப்பதே வழக்கமான வழி என்பதால், கோட்பாட்டை மட்டும் கற்பிக்கும் வகுப்புகளும் ஏராளம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் கோட்பாட்டில் எட்டு வரை தேறியவர் பியானோவின் முன் உட்காரத் தெரிந்தவர் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எட்டாம் கிரேட் வாசிப்பும் வாசிக்கும் திறனுக்கான சான்றுதானே தவிர, கற்பிக்கும் தகுதி அன்று. அதற்கு மேலே உள்ள டிப்ளோமாக்கள்தான் ஆசிரியருக்குரியவை: டிரினிட்டியின் ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல்., ஏபிஆர்எஸ்எம்மின் எல்.ஆர்.எஸ்.எம். முதலியவை. இவற்றிலும் மேடையில் வாசிப்பதற்காகப் பெற்றது, கற்பிப்பதற்காகப் பெற்றது என்ற பிரிவு உண்டு. எது என்று கேளுங்கள்.

கண்டியில் மட்டும் கூடுதலாக ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. இங்கு டிரினிட்டி என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1872இல் தொடங்கிய ஆண்கள் கல்லூரி. லண்டன் டிரினிட்டியும் அதே 1872இல் தொடங்கியதுதான் என்றாலும் இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. "டிரினிட்டியில் படித்தவர்" என்று யாரேனும் பரிந்துரைத்தால் எந்த டிரினிட்டி என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது சான்றிதழைக் கையில் வாங்கி, பாடத்தின் பெயர் இருக்கும் வரியைப் படியுங்கள். பிறகு நீங்கள் கொண்டுபோன ஏதேனும் ஓர் ஏட்டைத் திறந்து, அரைப் பக்கம் வாசித்துக் காட்டும்படி பணிவோடு கேளுங்கள். இரண்டையும்விட முக்கியமானது, குழந்தையை முதன்முறை உட்கார வைக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதே. நல்ல ஆசிரியர் ஒரு கட்டையைத் தொடச் சொல்வதற்கு முன் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார், தொங்கும் கால்களுக்கு அடியில் பலகை வைப்பார். எங்கள் இப்போதைய ஆசிரியை முதல் நாளில் பியானோவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒரு சிறிய தோடம்பழத்தை (ஆரஞ்சு) மகளின் உள்ளங்கையில் கொடுத்து, அதை நசுக்காமலும் நழுவவிடாமலும் பிடித்திருக்கச் சொன்னார், பழத்தை எடுத்த பின்னும் கை அதே வளைவில் நிற்கும்வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். பதினான்கு மாதப் பழக்கத்தை மாற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கு அந்த வேலை சில வாரங்களில் முடிந்திருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு. பள்ளிகளில் மேலைத்தேய இசை கற்பிக்கும் ஆசிரியர்களில் பலர் மாலையில் தனி வகுப்பு எடுக்கிறார்கள். தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பவர்களுக்கு ஊரிலுள்ள எல்லா ஆசிரியர்களையும் தெரியும். நீங்கள் எந்த மதத்தவரானாலும் ஞாயிறு ஆராதனை முடிந்த பின் போய்க் கேட்கலாம், முகம் சுளிக்கமாட்டார்கள். அட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் ஆசிரியர் கிடைக்காமல் கண்டிக்கு வர நேரலாம். அப்படியானால் வாரம் இருமுறை மலைப்பாதையில் குழந்தையை அலைக்கழிக்காமல், ஒரே நாளில் நீண்ட வகுப்பாக, நடுவில் ஓய்வோடு கேட்டு வாங்குங்கள். பௌர்ணமி நாள்களில் பெரும்பாலும் வகுப்பு இருக்காது. கண்டித் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான பெரஹரா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாள்களில் சாலைகள் மூடப்படுவதால் நகருக்குள் வருவது மிகக் கடினம். அந்த நாள்களுக்கும் சேர்த்துக் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மொழியையும் கேளுங்கள். பல ஆசிரியர்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கற்பிப்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் சில மாதங்கள் நீங்கள் அருகில் உட்கார வேண்டியிருக்கும், அதற்கு ஒப்பாத ஆசிரியரிடம் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று எனக்கும் தயக்கம் இருந்தது. குருவிடம் தாளைக் காட்டச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. இரண்டாவது முறை தேடியபோது அந்தத் தயக்கத்தோடுதான் போய் நின்றேன். நான் வாய் திறப்பதற்குள் அந்த ஆசிரியை அலமாரியிலிருந்து சான்றிதழ்க் கோப்பை எடுத்து மேசையில் விரித்து, பியானோ என்று எழுதியிருந்த வரியின் கீழ் விரலை வைத்துக் காட்டிவிட்டு, "இனி நீங்கள் ஏடு ஒன்று தாருங்கோ மிஸ், வாசிக்கிறேன்" என்றார்.