பூர்வகுடி மழலையர் மையத்தில் குடும்பங்களுக்குத் துணை நிற்பது எப்படி

கனடாவின் நகரங்களிலும் வட பகுதிகளிலும் வாழும் பூர்வகுடிக் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்காக 1995இல் ‘அபோரிஜினல் ஹெட் ஸ்டார்ட்’ திட்டம் தொடங்கப்பட்டது. 1998இல் அது ரிசர்வ் எனப்படும், பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் உள்ள ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் (இனூயிட், மேத்தி மக்கள் நீங்கலான பூர்வகுடிகள்) சமூகங்களுக்கும் விரிவடைந்தது. பண்பாடும் மொழியும், கல்வி, உடல்நலம், ஊட்டச்சத்து, சமூக ஆதரவு, பெற்றோர் பங்கேற்பு என்று அதற்கு ஆறு கூறுகள் உண்டு. மழலையர் கல்விப் பயிற்சி பெற்று இத்தகைய மையங்களில் பணிக்குச் சேரும் தமிழர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். கடைசி இரண்டு கூறுகளையும் உபரி வேலையாகக் கருதிவிடாதீர்கள். குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறாத மையத்தில் மற்ற நான்கும் வேரூன்றுவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

அந்த நம்பிக்கை ஏன் எளிதில் கிடைக்காது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகள் 150,000க்கும் மேற்பட்டோர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுடைய கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி பேசியதற்குத் தண்டனை கிடைத்தது. அவற்றில் கடைசியானவை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். ஆகவே உங்கள் எதிரில் பேரக்குழந்தையுடன் அமர்ந்திருக்கும் பாட்டி அங்கே வளர்ந்தவராக இருக்கலாம். பள்ளிகள் மூடப்பட்டதோடு பிரிவும் முடிந்துவிடவில்லை. 2021 குடிக்கணக்கின்படி, கனடாவில் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு; பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு வீடுகளில் வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கப்பட்டுள்ள அதே வயதுப் பிள்ளைகளிலோ 53.8 விழுக்காடு. படிவத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் ஒருவரைக் கண்டு ஒரு தாய் ஒதுங்கினால், அதை அக்கறையின்மை என்று எண்ணுவது பெரும் பிழை.

எனவே முதல் சந்திப்பில் படிவத்தை எடுக்காதீர்கள். தேநீர் கொடுங்கள், அறைகளைச் சுற்றிக் காட்டுங்கள், யாரை வேண்டுமானாலும் உடன் அழைத்து வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படிவம் நிரப்பும் நாளில், ஒவ்வொரு கேள்வியும் எதற்காக, விடையை யார் பார்ப்பார்கள் என்பதை விளக்குங்கள். மையத்துக்குத் தேவைப்படாத கேள்விகளை நீக்கும்படி நிர்வாகத்திடம் பேசுங்கள். “வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?” என்ற கேள்வி விசாரணை போல ஒலிக்கும். “பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வரலாம்?” என்று கேட்டால் தேவையான தகவல் தானாகவே கிடைத்துவிடும். அந்தப் பட்டியலில் தாய், தந்தை என இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால் போதாது. அத்தையும் சித்தியும் பாட்டனும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் வீடுகள் இவை. நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கூந்தலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் குடும்பங்களில் ஆண் பிள்ளைகளும் நீண்ட பின்னலோடு வருவார்கள். அந்தப் பின்னலை வீட்டில் பெரும்பாலும் மூத்தவர் ஒருவரே போட்டுவிட்டிருப்பார். மதியத் தூக்கத்தில் பின்னல் அவிழ்ந்துவிட்டால், சீப்பை எடுத்துச் சீவிவிடுவதுதான் நம் கை பழகிய செயல். அப்படிச் செய்யாதீர்கள். யார் தொடலாம், யார் பின்னலாம், பேன் பார்க்க நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். பள்ளிகளில் கூந்தல் இழந்த தலைமுறைக்கு, இந்தச் சிறு கேள்வி எந்த வரவேற்புரையையும் விட அதிகமாகப் பேசும்.

பண்பாட்டை நீங்கள் கற்பிக்க முயல வேண்டாம். கற்பிப்பவர்களுக்கு இடம் அமைத்துக் கொடுப்பதே உங்கள் பணி. சமூகத்தின் மூத்தோரை அழைக்கும்போது அந்தச் சமூகத்தின் முறையைக் கேட்டறியுங்கள்: ஃபர்ஸ்ட் நேஷன்ஸைச் சேர்ந்த க்ரீ, அனிஷினாபே மக்களிடையே வேண்டுகோள் வைக்கும் முன் புகையிலை அளிப்பது வழக்கம், ஆர்க்டிக் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இனூயிட் மக்களுக்கு அது மரபன்று. மூலிகைப் புகையிடும் சடங்கும் அவ்வாறே. இனூயிட் குடும்பத்தின் நினைவில் இருப்பது கடல்நாய் எண்ணெயில் எரியும் ‘குல்லிக்’ என்னும் கல்விளக்கு. எல்லாவற்றையும் ஒரே ‘பூர்வகுடிப் பண்பாடு’ எனக் கலந்துவிடுவது அவமதிப்பாகும். கிறித்தவ வழிபாட்டில் ஊன்றிய குடும்பங்கள் சடங்கை விரும்பாமலும் இருக்கலாம்; அவர்களையும் தனியாகக் கேளுங்கள். வருகிற மூத்தோருக்கு மதிப்பூதியமும் போக்குவரத்துச் செலவும் கொடுப்பது மையத்தின் கடமை.

வருகைப் பதிவேட்டிலும் இதே கவனம் வேண்டும். ஜேம்ஸ் வளைகுடாப் பகுதியின் க்ரீ குடும்பங்கள் வசந்த காலத்தில் வாத்து வேட்டைக்குப் பிள்ளைகளோடு காட்டுக்குச் செல்வார்கள். அதைக் காரணமற்ற விடுப்பாகக் குறிக்காதீர்கள், அதுவும் படிப்புதான்.

குடும்பத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக உறுதியான உதவிகளில் ஒன்று ‘ஜோர்டன் கொள்கை’ விண்ணப்பம். மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் க்ரீ நேஷனைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்ற சிறுவனின் வீட்டுப் பராமரிப்புச் செலவை ஏற்பது மத்திய அரசா மாகாண அரசா என்ற தகராறு தீராமலேயே, அவன் 2005இல் ஐந்து வயதில் மருத்துவமனையில் இறந்தான். முதலில் பிள்ளைக்குச் சேவை, பிறகுதான் கணக்கு என்ற கொள்கையை நாடாளுமன்றத்தின் பொதுச்சபை 2007இல் ஏற்றது. பேச்சுப் பயிற்சி, செவிக்கருவி போன்ற தேவையுள்ள ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பிள்ளை ரிசர்வ் நிலத்துக்கு வெளியே வாழ்ந்தாலும் இதன்படி விண்ணப்பிக்கலாம். இனூயிட் பிள்ளைகளுக்கு வேறொரு திட்டம் இருக்கிறது. பிள்ளையின் தேவையை விளக்கும் மருத்துவர் அல்லது சிகிச்சையாளரின் கடிதத்தைப் பெறப் பெற்றோருக்கு உதவுங்கள். நீங்கள் அன்றாடம் கண்டதைத் தேதியிட்டு எழுதி, அதை அவர்களுக்குப் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே இணையுங்கள். விதிகள் மாறிவருவதால், அனுப்பும் முன் அப்போதைய விதிகளைச் சரிபார்த்துவிடுங்கள்.

இனி, மிகக் கடினமான இடம். பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என ஐயுறக் காரணம் இருந்தால், அதைப் பிள்ளைகள் நல அமைப்புக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை உங்களுக்கு உண்டு. இதைச் சேர்க்கையின்போதே குடும்பத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. 2020 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மத்தியச் சட்டம், வறுமை, போதிய வீட்டுவசதியின்மை போன்ற காரணங்களை மட்டும் வைத்துப் பூர்வகுடிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பனிக்காலத்தில் ஒரு பிள்ளை மெல்லிய மேற்சட்டையோடு வந்தால், பதிவேட்டில் குறிப்பு எழுதும் முன், வாசலருகே கோட்டுகளும் காலணிகளும் நிறைந்த அலமாரி ஒன்றை வையுங்கள். யாரும் கேட்காமல், கையெழுத்திடாமல் எடுத்துச் செல்லும்படி அது இருக்கட்டும். முறையீடு செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அது ஆபத்தைக் கூட்டாது எனில் தாயிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். விசாரணை நடக்கும் நாட்களிலும் பிள்ளையின் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல், அந்தத் தாய் மையத்துக்கு வரும்போது வழக்கம்போல் வரவேற்று அமரச் சொல்லுங்கள்.