முதல் ஸ்கீ பூட்: காலுக்குச் சரியாக எடுப்பது எப்படி?

வளர்ந்த பிறகு பனிச்சரிவில் ஸ்கீ பழக வருபவர்கள் பலர் பூட்டை ஒரு சைஸ், சில நேரம் இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். கடையில் போட்டுப் பார்த்தால் சுகமாக இருக்கும். சரிவில் இறங்கியதும் உள்ளே கால் ஆடும். ஆடக்கூடாதென்று பக்கிளை இறுக்குவார்கள், ரத்த ஓட்டம் குறைந்து பாதம் மரத்துப்போகும். "பூட் ரொம்ப இறுக்கம்" என்று சொல்பவர்களில் நிறையப் பேருடைய பூட் உண்மையில் பெரியது.

உங்கள் கால் அசைவு, காலில் மாட்டும் ஸ்கீ பலகைக்குப் போய்ச் சேர பூட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால், ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பூட்டைச் சொந்தமாக வாங்குங்கள்.

1. போகும் முன்

மதியத்துக்கு மேல் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டால் மடிப்பு விழுந்து கால் வலிக்கும், குளிரும் கூடும். உள்ளே அணியும் தெர்மல் பேன்ட்டின் நுனியும் பூட்டுக்குள் போகக்கூடாது. பூட் ஃபிட்டர், அதாவது பூட்டைக் காலுக்கேற்பப் பொருத்தித் தருபவர், இருக்கிற கடையாகப் பார்த்து, ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.

2. அளவு

ஷூ நம்பரை மறந்துவிடுங்கள். ஸ்கீ பூட்டுக்கு மோண்டோபாயிண்ட் என்ற அளவு. பாதத்தின் நீளம் செ.மீ.யில், அவ்வளவுதான். குதிகாலைச் சுவரோடு ஒட்டி, இரண்டு காலிலும் எடை போட்டு நின்று, நீளமான விரலின் நுனி வரை அளந்தால் 26.5 செ.மீ. வருகிறதா? உங்கள் சைஸ் 26.5. இரண்டு கால்களையும் அளக்கவேண்டும், வித்தியாசம் இருப்பது சகஜம்.

பெரும்பாலான கம்பெனிகளில் 26-க்கும் 26.5-க்கும் வெளி ஓடு, அதாவது ஷெல், ஒன்றுதான். உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையான லைனரிலோ அடி அட்டையிலோதான் மாற்றம். ஆக, 26.5 போட்டுப் பார்த்துவிட்டு "அரை சைஸ் பெரிசா 27 குடுங்க" என்று கேட்டால், ஷெல்லே ஒரு முழு சைஸ் தாவிவிடுகிறது.

அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். விரல்களுக்குக் கீழே பாதம் விரியும் இடத்தை வைத்து பூட்டுகளை 98 மி.மீ. (குறுகல்), 100 (நடுத்தரம்), 102-க்கு மேல் (அகலம்) என்று பிரிப்பார்கள். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். அகலம் போதவில்லை என்றால் அகலமான மாடலைக் கேட்கவேண்டும். நீளத்தைக் கூட்டி ஈடுகட்டக்கூடாது.

3. ஷெல் சோதனை

கடைக்காரர் இதைத் தானாகச் செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். லைனரை வெளியே உருவிவிட்டு, வெறும் ஷெல்லுக்குள் சாக்ஸ் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் லேசாக ஒட்டும்வரை காலை முன்னே தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். இப்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதென்று டார்ச் அடித்துப் பார்க்கலாம், விரல் விட்டும் பார்க்கலாம். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இருந்தால் சரி: ஒரு விரல் தாராளமாக நுழையும், இரண்டாவது திணறித்தான் நுழையும். இரண்டரையைத் தாண்டினால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த பூட் வேண்டாம்.

4. போட்டுப் பார்ப்பது

லைனரைத் திரும்ப வைத்து, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். முதலில் மேல் பக்கிள்களை மிதமாகப் போடுங்கள், அவைதான் குதிகாலைப் பின்னுக்குப் பிடிக்கும். பிறகு பாதத்தின்மேல் உள்ள பக்கிள்கள். அவற்றை வெறுமனே மூடினால் போதும். கடைசியில் மேலே உள்ள பட்டை.

நேராக நிற்கும்போது விரல்கள் முன்னால் முட்டும். புதியவர்கள் இங்கேதான் பயந்து "சின்னதா இருக்கு" என்று கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள். முழங்காலை முன்னே மடக்கி, காலெலும்பால் பூட்டின் நாக்கை அழுத்துங்கள். குதிகால் பின்னே நகர்ந்து, விரல்கள் சற்று விலகும். விரல்களை அசைக்க முடியவேண்டும், குதிகால் மேலே எழும்பக்கூடாது.

அப்படியே இருபது முப்பது நிமிடம் போட்டிருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக்கமென்றால் நல்லது. சில நாள் ஸ்கீ செய்ததும் லைனர் அமுங்கி இடம் கொடுக்கும். ஒரே புள்ளியில் குத்துகிற வலி, மரத்துப்போவது, விரல் மடங்குவது, இவை வேறு. எங்கே வலிக்கிறதென்று ஃபிட்டரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள். லைனரைச் சூடுபடுத்திக் காலுக்கேற்பப் படியவைக்க முடியும், குத்துகிற இடத்தில் ஷெல்லை உப்பவைக்க முடியும், பாத வளைவுக்குத் தனி அடி அட்டை போட முடியும். பெரிதாக வாங்கிய ஷெல்லை மட்டும் யாராலும் சின்னதாக்க முடியாது.

5. ஃப்ளெக்ஸ்

பூட் முன்பக்கம் வளைய எவ்வளவு அடம்பிடிக்கும் என்பதைக் காட்டும் எண். புதிதாகப் பழகும் ஆண்களுக்கு 80–100, பெண்களுக்கு 60–80 போதும். எடை, உயரம் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஒரு கம்பெனியின் 90 இன்னொன்றின் 90-க்குச் சமமாக இருக்கவேண்டியதில்லை. கடையின் சூட்டில் எளிதாக வளைகிற பிளாஸ்டிக் வெளியே குளிரில் விறைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வாங்கியபின்

பூட்டின் பக்கவாட்டில், குதிகால் அருகே, மி.மீ.யில் ஒரு எண் பொறித்திருக்கும். அது அடிப்பாகத்தின் நீளம். பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் கருவிதான் பைண்டிங். விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ள அதைச் சரிசெய்பவருக்கு உங்கள் எடை, உயரம், வயது, ஸ்கீ செய்யும் விதம் ஆகியவற்றோடு இந்த எண்ணும் தேவை. நடக்க வசதியான கிரிப்வாக் அடி உள்ள பூட் எல்லாப் பழைய பைண்டிங்குகளிலும் பொருந்தாது. ஆகவே வாடகை ஸ்கீயோ சொந்த ஸ்கீயோ, புது பூட்டைக் கையோடு கொண்டுபோய், பைண்டிங்கை அதற்கேற்ப அமைத்துத் தரச்சொல்லி, அதன்பிறகே மலையேறுங்கள்.