கறுத்த முன்பல்லை வெளுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

பைக்கில் விழுந்தோ, தெருக் கிரிக்கெட்டில் பந்து பட்டோ முன்பல்லில் அடிபடும். ரூட் கெனால் செய்து சில வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாகியிருக்கும். உள்ளே கசிந்த ரத்தமும் மிச்சமிருந்த திசுவும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் வெளியே என்ன தேய்த்தாலும் போகாது. பல்லின் பின்பக்கத்தைத் திறந்து உள்ளே மருந்து வைத்து வெளுக்க வேண்டும். அதைச் சொன்னதுமே வரும் கேள்வி, "டாக்டர், பல்லு உடைஞ்சிடுமா?"

அந்தப் பயத்தில் "பிளீச்சிங் வேண்டாம், கேப் போட்டுடுங்க" என்று முடிவெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கேப்புக்காகப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். சீவியது திரும்ப வளராது. ரூட் கெனால் செய்த பல் காய்ந்துபோய் உடைகிறது என்று பலர் நம்புகிறார்கள். பலம் போவது முக்கியமாக இழந்த பகுதியால்தான். 1989-இல் முன்கடைவாய்ப் பற்களில் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், ரூட் கெனாலுக்கான துளை பல்லின் விறைப்பை 5 சதவீதம் மட்டுமே குறைத்தது. இரண்டு பக்க விளிம்பும் போன பெரிய குழியோ 63 சதவீதம் குறைத்தது. எனவே பல் பெரும்பாலும் முழுசாக இருந்தால் முதலில் வெளுத்துப் பாருங்கள்.

சரி, பிளீச்சிங்கால் பாதிப்பே இல்லையா? இருக்கிறது. வெளுக்கப் பயன்படும் 30, 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கை மென்மையாக்குவதையும், பல் சற்றுக் குறைந்த விசையிலேயே உடைவதையும் ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அத்துடன் சூடும் சேர்ந்தால், ஈறு ஓரத்தில் வேரை உடம்பே அரிக்கத் தொடங்கும் ஆபத்து கூடுகிறது. நிச்சயதார்த்தம் நெருங்குகிறது, ஒரே நாளில் வெள்ளையாக்குங்கள் என்று தயவுசெய்து நெருக்காதீர்கள். சோடியம் பெர்போரேட் என்ற வெளுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்து உள்ளே வைத்து மூடி, சில நாளுக்கொரு முறை மாற்றும் முறை 1961-லிருந்தே இருக்கிறது. மெதுவானது, ஆனால் பல்லுக்குப் பாதுகாப்பானது.

மருந்து வைக்கும் முன் எக்ஸ்ரே எடுத்து, வேர் அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் தடுப்பும் வேண்டும். இதைத் தவிர்த்தால் மருந்து வேர்ப்பக்கம் கசியும். வைத்தாரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நிறம் வந்ததும் அன்றைக்கே நிரந்தர ஃபில்லிங் கேட்பவர்கள் உண்டு. பிளீச்சிங் முடிந்த பல்லில் ஆக்சிஜன் தங்கியிருக்கும். அது காம்போசிட் என்ற பல் நிற ஃபில்லிங்கைச் சரியாக ஒட்ட விடாது. இழந்த பலத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது அந்த ஒட்டுதல்தான் என்பதால், ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பது அவசியம். அப்புறம், நிறம் வந்துவிட்டது என்று தற்காலிக அடைப்போடு அப்படியே இருந்துவிடுவது இன்னும் மோசம். பல் உள்ளே வெற்றாக இருக்கும் நாட்கள் அவை. முறுக்கு, கரும்பு எதையும் அந்தப் பல்லால் கடிக்காதீர்கள். அடைப்பு விழுந்தால் அன்றே போய்விடுங்கள்.

வேர் அரிப்பு வலிக்காமலே வளரும். வெளுத்த பல்லுக்கு வருஷம் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாரில் செலவாகும் என்றால், சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.