அல்சைமர் லிகண்டுகள்: அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளான லிகண்டுகளைக் கையாளும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, அவை எதைப் பற்றுகின்றன என்பதை மறப்பதால் வருபவை. தயோஃப்ளேவின் டி போன்ற பழைய சாயங்களும் அவற்றின் வழிவந்த பெட் ஸ்கேன் (கதிரியக்க அணு சேர்த்த மூலக்கூறைக் கொண்டு உடலுக்குள் படமெடுக்கும் முறை) லிகண்டுகளும், புரதத்தின் பீட்டா தாள்கள் எனும் தட்டை அமைப்புகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இழையாகும்போது உருவாகும் பள்ளங்களில் சென்று அமர்கின்றன. இழையாகாமல் கரைந்த நிலையிலேயே இருக்கும் சிறு திரள்கள் பெரும்பாலும் இவற்றின் கண்ணில் படுவதில்லை.

ஆய்வகத்தில் அடிக்கடி காணும் பிழை தயோஃப்ளேவின் ஒளிர்வை அப்படியே நம்பிவிடுவதுதான். 440 நானோமீட்டர் அருகே ஒளியூட்டி, 480 அருகே வெளிப்படும் ஒளிர்வை அளப்பது வழக்கம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைச் சேர்த்ததும் ஒளிர்வு சரிந்தால், இழை வளர்ச்சி தடைபட்டது என்று எழுதிவிடுகிறார்கள். குர்குமினோ அதே பகுதியில் ஒளியைப் பலமாக உறிஞ்சக்கூடியது. ஆகவே இழைகள் அப்படியே இருக்க, ஒளிர்வு மட்டும் குறைந்திருக்கலாம். முழுதாக வளர்ந்துவிட்ட இழைகளில் அதே பொருளைச் சேர்த்து உடனே அளந்தால், இந்தக் குறுக்கீடு உண்டா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்துவிடுவது நல்லது.

பிணைப்பு வலிமையை மட்டும் பார்த்து லிகண்டைத் தேர்ந்தெடுப்பதும் பலிக்காது. தயோஃப்ளேவினின் நேர்மின்னேற்றம் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட விடாது. அந்த மின்னேற்றத்தை நீக்கியதால்தான் பெட் ஸ்கேனுக்கான பிட்ஸ்பர்க் சேர்மம்-பி எனும் அமிலாய்ட் லிகண்ட் சாத்தியமாயிற்று. கொழுப்பில் கரையும் தன்மை மிகுந்தாலோ, லிகண்ட் மூளையின் வெண்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த, கொழுப்பு மிகுந்த பகுதி) ஒட்டிக்கொண்டு பின்னணிச் சமிக்ஞையை உயர்த்திவிடும்.

ஸ்கேனில் அமிலாய்ட் (இழையாகப் படிந்த புரதம்) தெரிந்தாலே அல்சைமர் என்று முடிவுகட்டக் கூடாது. நினைவாற்றல் குன்றாத முதியோரிலும், ரத்தக் குழாய்ச் சுவர்களில் அமிலாய்ட் படிந்தவர்களிலும் அது தெரியும். மறுபுறம், ஆர்க்டிக் எனப்படும் மரபணு மாற்றம் உள்ளவர்களிடம் நோய் இருந்தும் பிட்ஸ்பர்க் சேர்மம் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. அல்சைமரில் படியும் இன்னொரு புரதமான டௌவுக்கான ஃப்ளோர்டௌசிபிர் எனும் லிகண்ட், டௌ இல்லாத அடித்தள முடிச்சுகளிலும் (மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் தொகுதிகள்) நியூரோமெலனின் எனும் கரும் நிறமி உள்ள செல்களிலும் தங்குவதால், அங்கே தெரியும் ஒளியை நோயாகக் கணக்கிடலாகாது.

வெவ்வேறு லிகண்டுகளின் மூல எண்களை நேரடியாக ஒப்பிடாமல், சென்டிலாய்ட் எனும் பொது அமிலாய்ட் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 0 அமிலாய்ட் படியாத இளையோரின் சராசரி, 100 லேசானது முதல் மிதமானது வரையிலான அல்சைமர் நோயாளிகளின் சராசரி. ஒப்பீட்டுப் பகுதியாக (அமிலாய்ட் படியாது என்று கருதி அடிப்படையாகக் கொள்ளும் பகுதி) பெரும்பாலும் எடுக்கப்படும் சிறுமூளையிலேயே, பிரெசெனிலின்-1 எனும் மரபணுவில் மாற்றமுள்ள சில குடும்பங்களில் அமிலாய்ட் படிவதுண்டு. அத்தகையோரில் அதையே அடிப்படையாக வைத்தால் பெருமூளையின் அளவு குறைத்தே காட்டும் என்பதால், ஒப்பீட்டுக்கு மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியை எடுப்பது பாதுகாப்பானது.